கமிட்டிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு

திடப்படுத்தல் எடுத்து, சபைப் பட்டியலில் பேர் ஏறி, இப்போது சேகரக் கமிட்டிக்கும் தேர்வாகி வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். சாயல்குடிப் பக்கத்துச் சபைகளில் வயதாகிப்போன ஒருவன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் வந்த வழி தெரிய வேண்டும். நம்முடையது தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை–இராமநாதபுரம் திருமண்டிலம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகி இந்தத் திருச்சபை பிறந்தது. அந்த ஐக்கிய சபை 1908-இலேயே பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் கூடி அமைத்தது. நம் திருமண்டிலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், பேராயர் என்ற பதவியே இல்லாத ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையிலிருந்து வந்தவர். பொறுப்பேற்றபோது வயது 37. சபையை ஒருவர் கையில் மட்டும் விட்டுவிடாமல், மூப்பர்கள் கூடிப் பேசிச் சுமக்க வேண்டும் என்பது பிரஸ்பிட்டேரியன்கள் இந்தக் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சீர். நீங்கள் உட்காரப்போகிற கமிட்டி மேசையில் அதுவும் இருக்கிறது.

1. ஆயர் வராத ஞாயிறுக்குத் தயாராக இருங்கள். ஒரே ஆயர் பல ஊர்ச் சபைகளைப் பார்க்கிற சேகரம் இது. மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடப்பதும் நடக்காததும் உங்கள் கையில். வேதபாடத்தைச் சனிக்கிழமை இரவே வாய்விட்டு இரண்டு தடவை வாசித்துப் பாருங்கள். ஏசாயா எட்டாம் அதிகாரத்தில் மகேர்-சாலால்-அஷ்-பாஸ் என்றொரு பெயர் வரும். அதை முதல்முதலாகப் பீடத்தில் நின்று சந்திக்காதீர்கள். பின்வரிசைப் பாட்டிக்குக் கேட்கும்படி நிறுத்தி வாசியுங்கள். எழுதப்படிக்கத் தெரியாத அவருக்கு அந்த வாரத்து வேதம் உங்கள் குரல்தான்.

2. வேதாகமம் முன்னே போகட்டும், ஆள் பின்னே போகட்டும். திருவிருந்து ஆராதனை தொடங்கும்போது வேதத்தை ஏந்தி வருவது நம் முறைமையில் உண்டு. ஸ்காட்லாந்து சபைகளிலும் அதுவே வழக்கம். இரண்டு கையாலும் ஏந்துங்கள். அறிவிப்புச் சீட்டையும் செல்போனையும் அதன்மேல் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

3. பாட்டைச் சபையிடமிருந்து பிடுங்காதீர்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகளை மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தொகுத்து 1853-இல் அச்சிட்டார். வெள்ளைக்காரர் மெட்டுக்கு மட்டும் பழகிக்கொண்டிருந்த ஆராதனையில் நம் ராகமும் தாளமும் இடம்பிடித்தது அப்படிப்பட்டவர்களால்தான். இன்று கீபோர்டும் ஸ்பீக்கரும் வந்துவிட்டன, வரட்டும். ஆனால் மேடையில் இருக்கிற நாலு பேர் பாட, சபை வேடிக்கை பார்க்கிற நிலை வரக் கூடாது. சுருதியை இரண்டு கட்டை இறக்கிப் பிடித்தால் கிழவிகளும் சேர்ந்து பாடுவார்கள்.

4. காணிக்கைப் பணம் ஒரு ராத்திரிகூட உங்கள் வீட்டில் தங்க வேண்டாம். ஆராதனை முடிந்ததும் இரண்டு பேராக உட்காருங்கள். நோட்டுகளை முகம் ஒரே பக்கமாக அடுக்கி, சில்லறையைப் பத்துப் பத்தாகக் குவித்து, ஒருவர் எண்ணியதை இன்னொருவர் மறுபடி எண்ணி, தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருங்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து எண்ண வேண்டாம். நேர்மையானவனுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு பெரிய பாதுகாப்பு.

5. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வீறாப்பு வேண்டாம். இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் முண்டு வத்தலும் இல்லை, நெல்லும் இல்லை. அப்படிப்பட்ட வருஷத்திலும் ஒரு கிழவி நாலு முட்டையோ ஒரு கருப்பட்டியோ கொண்டுவந்து வைப்பார். பெரிய வீட்டுக்காரர்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் ஏற்றும்போது மைக் பிடிப்பவர் குதிக்கிறார். முட்டை வரும்போது அதே குரலில் கூப்பிடுங்கள். வீட்டில் பிடி அரிசி ஒதுக்கிவைத்துக் கொண்டுவருகிற பெண்களுக்கும் அதே மரியாதை.

6. திருவிருந்துக்கு முன்னால் சண்டையை முடியுங்கள். பழைய ஸ்காட்லாந்து சபைகளில் மூப்பர்கள் முன்கூட்டியே வீடு வீடாகப் போய் விசாரித்து, பந்திக்கு வர அடையாள வில்லை கொடுப்பார்கள். நமக்கு வில்லை இல்லை, ஆயத்த ஆராதனை இருக்கிறது. அதோடு 1950-இல் அமைந்த முறைமையில் சமாதானம் கொடுத்தல் இருக்கிறது. அது கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்திலிருந்து வந்தது. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார். பிறகு இருவரும் இடது கையால் அடுத்தவரின் வலது கையை மூடுவார்கள். பீடத்தில் தொடங்கி வரிசை வரிசையாக அது கடைசி ஆள்வரை போக வேண்டும். எந்தத் தெருக்காரர், என்ன சாதி என்று பார்த்து அந்தக் கை எந்த வரிசையிலாவது நின்றுபோனால், அப்புறம் அப்பமும் ரசமும் எடுத்து என்ன பிரயோஜனம்? அந்த இடத்தில் எழுந்துபோய் நீங்களே கொடுங்கள். கமிட்டி மெம்பர் என்ற பட்டம் அதற்காகத்தான்.

7. வீடு சந்திக்கப் போகும்போது ரசீதுப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போங்கள். ஒவ்வொரு மூப்பருக்கும் இத்தனை வீடு என்று பிரித்துக் கொடுப்பது பிரஸ்பிட்டேரியன் வழக்கம். நீங்களும் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. சந்தா பாக்கிக்கு மட்டும் வாசல்படி ஏறுகிறவரை யாரும் உள்ளே கூப்பிட மாட்டார்கள். திண்ணையில் உட்காருங்கள். அவர்கள் பேசட்டும். ஜெபம் இரண்டு நிமிஷம் போதும்.

8. கமிட்டிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள், டீக்கடையில் பேசாதீர்கள். கூடி முடிவெடுப்பதில் ஒரு கசப்பு உண்டு: உங்கள் பக்கம் தோற்கும். தோற்ற தீர்மானத்தையும் நிறைவேற்ற ஓடுகிறவர்தான் மூப்பர். தேர்தலில் தோற்றவுடன் கோர்ட்டுக்குப் போகிற பழக்கம் நம் திருச்சபையை எவ்வளவு அரித்திருக்கிறது என்று ஊருக்கே தெரியும். மினிட்ஸ் புத்தகத்தை அன்றைக்கே எழுதி வாசித்துக் காட்டுங்கள், பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

9. பெண்களைத் தேநீர் போடுவதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள். நம் திருச்சபை 1976-இலேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. கமிட்டியில் தங்கச்சிமார் பேசும்போது இடையில் வெட்டுகிற அண்ணன்மார் அதை நினைவில் வைக்கட்டும். ஓய்வுநாள் பள்ளியும் பெண்கள் சங்கமும் நின்றுபோனால் ஒரே மாதத்தில் சபை படுத்துவிடும்.

10. அக்கம்பக்கத்தாரோடு நல்லபடி இருங்கள். மூக்கையூரில் கத்தோலிக்கர்கள், கீழக்கரையில் முஸ்லிம்கள், சுற்றிலும் இந்துக்கள். குருத்தோலை ஞாயிறுக்கு நாம் ஏந்துகிற ஓலை பனையேறுகிற ஒருவர் மனசு வைத்து வெட்டித் தருவது. பதநீர் இறக்கும் காலத்தில் அவர் மரத்தைக் கேட்காமல் தொடாதீர்கள். துக்க வீடு யாருடையதாக இருந்தாலும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

11. காலம் முடிந்தால் இறங்குங்கள். பதவிக்காலம் தீர்ந்த அன்றே கணக்கு, சாவி, மினிட்ஸ் புத்தகம் மூன்றையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து வருகிறவர் கேட்டால் யோசனை சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள். அவருக்கும் வேதம் வாசிக்க வராது, கணக்கு தடுமாறும். நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள்.