நாவற்குடாப் பெண்கள் நடக்கமாட்டார்களா?

கிளினிக்கில் நாற்பது தாண்டிய பெண்ணுக்கு டொக்டர் சீனிக்குளிசையோடு சேர்த்துச் சொல்லும் சொல் ஒன்றுதான்: "நடங்க." எங்கே நடப்பது, எத்தனை மணிக்கு, யாரோடு, அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. அடுத்த மாதம் சீனி குறையாவிட்டால் ஏச்சு மட்டும் கிடைக்கும். மட்டக்களப்பு நாவற்குடாவில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடக்க இடமில்லாத ஊர் இல்லை. ஆனாலும் விடியற்காலைக் கடற்கரையில் ஆண்களைத்தான் அதிகம் காண்கிறோம். இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதிக்குமேல் பிழையானவை.

"எங்கட பொம்புளையளுக்கு இதில ஆர்வமில்ல."

பெண்களின் தலையில் பழியைப் போட்டுவிட்டு மற்ற எல்லோரையும் தப்பவிடுவதால், இருக்கிற நம்பிக்கைகளில் மோசமானது இதுதான். ஆர்வமில்லை என்பவர்கள் ஆடிக் கொடியேற்றத்துக்கு முன்னர் கதிர்காமப் பாதயாத்திரையைப் பார்க்கட்டும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில், உகந்தை, அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால் நாட்கணக்கில் நடந்து போகும் கூட்டங்களில் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் எத்தனை பேர்! தலையில் துணிமூட்டை, கையில் தண்ணீர்ப் போத்தல், காலில் ரப்பர்ச் செருப்பு, சிலருக்கு அதுவும் இல்லை. முழங்கால் நோகிறது என்று வீட்டுப் படியில் பிடித்துப் பிடித்து ஏறும் அதே அம்மாக்கள்தான் அந்தக் காட்டு மணலில் நடக்கிறார்கள்.

பக்தி என்ற ஒரு சொல்லோடு இதை முடித்துவிடலாகாது. அந்த நடைக்கு வேண்டியதெல்லாம் அங்கே அமைந்திருக்கிறது. கூடப் பத்துப் பேர் இருக்கிறார்கள். வழியில் அன்னதானம் கிடைக்கிறது, அன்று சமைக்க வேண்டியதில்லை. இரவு தங்கக் கோயில் இருக்கிறது. "எங்க போறாய்?" என்று ஊரில் எவரும் கேட்கமாட்டார்கள். வீட்டாரும் மறிக்கமாட்டார்கள். துணை, நேரம், பாதுகாப்பு, வீட்டாரின் சம்மதம் ஆகிய நான்கும் இருந்தால் எங்கள் பெண்கள் காட்டையே கடக்கிறார்கள். இவை இல்லாத இடத்தில் கடற்கரை வரைக்கும் போவதும் கஷ்டம்தான். பிரித்தானியாவில் குடியேறிய தெற்காசியப் பெண்களைப் பற்றிய ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வருவது இதே விடயம்: பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம், பெண் பயிற்றுநர், பக்கத்திலேயே இடம், கூட வர அறிந்த ஒருத்தி.

தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையில் 1991-92 இல் நடந்ததும் நினைவில் இருக்கவேண்டும். அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்களுக்கு, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், சைக்கிளும் பழக்கினார்கள். கல் உடைப்பவர், முஸ்லிம் பெண்கள் என்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். கேலி பேசியவர்கள் இருந்தார்கள், பெண்கள் கணக்கெடுக்கவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்தார்கள். முன் பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. சைக்கிள் வாங்கக் கடன் கொடுத்தார்கள், பழக்கினார்கள், கூட்டமாக ஓட வைத்தார்கள். அதற்குப் பிறகு ஆர்வம் எங்கிருந்து வரும் என்று யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

"நாள் முழுக்க வீட்டு வேலைதானே, மறுகா என்ன எக்சைஸ்?"

இதில் பாதி உண்மை உண்டு. மூச்சு வாங்க வைக்கும் வீட்டு வேலையும் உடலுழைப்புத்தான், உலக சுகாதார நிறுவனம் அதைக் கணக்கில் சேர்க்கிறது. அம்மம்மா கிணற்றில் தண்ணி அள்ளினார், உரலில் மா இடித்தார், அம்மியில் அரைத்தார். இன்று மோட்டர், மில், கிரைண்டர். வேலைச்சுமை அப்படியே இருக்கிறது, களைப்பும் இருக்கிறது, ஆனால் இதயத்துக்கும் தசைக்கும் கிடைத்த உழைப்பு குறைந்துவிட்டது. வேலை செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் மிதமான உடற்பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிடம் அப்படி வேண்டும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் பலன் என்ற பழைய விதியை 2020 இல் நிறுவனமே எடுத்துவிட்டது. கடைக்கு வேகமாக நடந்துபோன ஐந்து நிமிடமும் சேரும்.

"நான் மெல்லிய உடம்புதானே, எனக்குச் சீனி வராது."

வரும். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனிக்கவேண்டும். 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்ச் சீனியும் பிரஷரும் பார்த்துக்கொள்ளலாம், காசு இல்லை.

"மார்க்கம் விடாது."

நாவற்குடாவைத் தாண்டினால் மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி. அங்குள்ள முஸ்லிம் சகோதரிகளைப் பற்றி வெளியார் சொல்லும் கதை இது. நபிகளாரோடு ஆயிஷா நாயகி ஓட்டப் போட்டி ஓடி, ஒருமுறை வென்றதும் ஒருமுறை தோற்றதும் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு கால்பந்தாட 2014 இல் ஃபிஃபா அனுமதித்தது, கூடைப்பந்துக்கு 2017 இல் அனுமதி வந்தது. அந்தப் பெண்கள் கேட்பது ஆண்கள் பார்க்காத ஓர் இடமும் உடுப்புக்கு மரியாதையும்தான். அதே இரண்டும் எத்தனையோ தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டும்.

"இந்த வயசில என்னத்துக்கு" என்பதும், பிள்ளைத்தாச்சி அசையக்கூடாது என்பதும் பிழை. வயது போகப் போக, விழாமலிருக்க, தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி இன்னும் கூடுதலாக வேண்டும். வைத்தியர் தடை சொல்லாத கர்ப்பிணி நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும்.

"பொம்புளைப் பிள்ளைக்கு நீச்சல் எதுக்கு?"

2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடி, நாவலடி, டச்பார் கரையில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். இலங்கையில் நீச்சலும் மரமேறுதலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டதை, பெண்கள் கூடுதலாக இறந்ததற்கான காரணங்களில் ஒன்றாக ஒக்ஸ்ஃபாம் 2005 இல் சுட்டிக்காட்டியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே பிறந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியாமல் இருப்பதை இனியும் ஏற்றுக்கொள்ளக்கூடாது.

மட்டக்களப்புக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, வேறு ஊர்களில் அது அரிது. இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தமிழரிலும் முஸ்லிம்களிலும் இதுவே வழக்கம். அதனால் ஒரே ஒழுங்கையில் தாய், அக்கா, தங்கச்சி, பெரியம்மா மகள் என்று வேலிக்கு வேலி சொந்தம். நடைக்குத் துணை தேடி அலைய வேண்டியதில்லை. வேலியால் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். இந்த ஒழுங்கைக் கூட்டங்களிலிருந்துதான் தொடங்கவேண்டும், கொழும்பில் அச்சடித்த போஸ்டரிலிருந்து அல்ல.

வீட்டு ஆண்களிடம் ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஐந்து நாள், அரை மணித்தியாலம், தேத்தண்ணியையும் பிள்ளைகளையும் நீங்கள் பாருங்கள். மாநகரசபையிடமும் பாடசாலை அதிபர்களிடமும் ஒன்று: பின்னேரம் ஐந்தரை முதல் ஆறரை வரை ஒரு மைதானத்தை, லைட் போட்டு, பெண்களுக்கு மட்டும் திறந்து விடுங்கள்.