ஓடிபி சரியாக இருந்தால் இழப்பு வாடிக்கையாளருடையதா?

கேள்வி: ஈரோட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குத் தெரிந்தவரின் எண்ணிலிருந்து திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப் கோப்பு ஒன்று வந்தது. அதைத் திறந்த பின், 2025 மார்ச் 7 வெள்ளிக்கிழமை இரவு, அவருடைய இணைய வங்கிக் கணக்கில் புதிய பயனாளி ஒருவர் சேர்க்கப்பட்டு, சில நிமிடங்களுக்குள் ரூ.1,80,000 வெளியேறிவிட்டது. வங்கியின் குறுஞ்செய்தியைத் திங்களன்று கண்ட அவர், செவ்வாயன்று கிளையில் எழுத்துமூலம் புகார் அளித்தார். ஓடிபியை எவரிடமும் கூறவில்லை என்கிறார். சரியான ஓடிபி பதிவாகியிருப்பதால் பணத்தைத் தர இயலாது என்கிறது வங்கி. புதிய பயனாளிக்குப் பணம் அனுப்ப முன்பு இருந்த காத்திருப்பு நேரத்தை, வாடிக்கையாளர் வசதி கருதி நீக்கியதாக அதே வங்கிதான் அறிவித்திருந்தது. பணத்தைத் திரும்பப் பெற வழியுண்டா?

பதில்: வழியுண்டு. ஆனால் அது ஐயத்துக்கு இடமற்ற வழி என்று கூறிவிட முடியாது.

ஓடிபி சரியாக இருந்தது என்பதும், பரிவர்த்தனைக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் அளித்தார் என்பதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு செய்திகள். முன்னது கணினிப் பதிவு. பின்னது மெய்ப்பிக்கப்பட வேண்டிய உண்மை. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, ஒப்புதலற்ற மின்னணுப் பரிவர்த்தனையில் வாடிக்கையாளரே பொறுப்பாளி என்பதை மெய்ப்பிக்கும் சுமையை வங்கியின் மீதே வைத்திருப்பதால், ஓடிபி பதிவை மட்டும் காட்டி வங்கி விலகிக்கொள்வது அச்சுமையை இறக்கியதாகாது.

அச்சுற்றறிக்கை இழப்பை மூவகையாகப் பிரிக்கிறது. தவறு வங்கியுடையதாயின், வாடிக்கையாளர் புகார் அளித்தாரா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல் முழு இழப்பும் வங்கியையே சேரும். தவறு இருவரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் அளிக்கப்பட்டிருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களாயின், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அவருடைய பொறுப்பு ஒரு பரிவர்த்தனைக்கு ரூ.10,000-ஐத் தாண்டாது. கடவுச்சொல் போன்ற மறைவிவரங்களைப் பகிர்வது முதலான வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாயின், புகார் அளிக்கும் வரையிலான முழுத் தொகையும் அவரையே சேரும்.

நாட்கணக்கில் ஆசிரியைக்குச் சிக்கல் இல்லை. தகவல் வந்த நாள் கணக்கில் சேராது, மறுநாளான மார்ச் 8 இரண்டாம் சனிக்கிழமை என்பதால் வங்கி விடுமுறை, அடுத்தது ஞாயிறு. எனவே செவ்வாயன்று அளித்த புகார் இரண்டாம் வேலை நாளில் அளிக்கப்பட்டதாகும். சர்ச்சைக்குரிய தொகையைப் புகார் நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைத்து, 90 நாட்களுக்குள் பொறுப்பை முடிவுசெய்திருக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையின் விதி. பல கிளைகளில் இந்த விதியை வாடிக்கையாளர்தான் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கின் உண்மையான முடிச்சு, கோப்பைத் திறந்தது கவனக்குறைவா என்பதே. அழைப்பிதழ் வேடமிட்ட இத்தகைய ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு, நிறுவப்பட்டதும் குறுஞ்செய்திகளைப் படித்து மோசடியாளருக்கு அனுப்பவல்லது. ஓடிபி இவ்வாறு திருடப்பட்டிருந்தால், அதை வாடிக்கையாளர் பகிர்ந்தார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சுற்றறிக்கையில் பகிர்தல் ஓர் எடுத்துக்காட்டாகவே வருவதால், அறிமுகமற்ற செயலியை நிறுவியதும் கவனக்குறைவே என்று வங்கி வாதிடக்கூடும். மோசடியாளர் பேச்சை நம்பிச் செயலியை நிறுவிய வாடிக்கையாளர் ஒருவர் ரூ.94,204 இழந்த வழக்கில், அவர் விரைந்து புகார் அளித்ததையும் அவரிடம் கவனக்குறைவு நிறுவப்படாததையும் கருதிய குவாஹாத்தி உயர்நீதிமன்றம், பணத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. அதை எதிர்த்த பாரத ஸ்டேட் வங்கியின் மனுவை உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. ஆசிரியைக்கு இது வலுவான துணை. ஆனால் போலிப் பக்கம் எதிலாவது அவர் கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ பதிந்திருந்தால் நிலைமை பெரிதும் மாறும். அதைப் புகாரில் மறைப்பது, பின்னர் கணினிப் பதிவுகள் வெளிவரும்போது வழக்கையே குலைத்துவிடும்.

காத்திருப்பு நேரத்தை நீக்கியது ஆசிரியை தரப்பின் சிறந்த வாதம். வசதிக்காகப் பாதுகாப்பைத் தளர்த்துவது சட்டவிரோதம் அன்று. சிறு தொகைகளுக்குக் கடவு எண்ணே இல்லாமல் பணம் செலுத்தும் யுபிஐ லைட்டுக்கும் ரிசர்வ் வங்கியின் இசைவு உண்டு. ஆனால் தளர்த்துவதால் வரும் இடரைச் சுமப்பவர் யார் என்ற கேள்வி இணைய வங்கியின் தொடக்கக் காலத்திலேயே எழுந்துவிட்டது. டிஜிட்டல் கையொப்பம் அல்லாத வேறு முறைகளால் வாடிக்கையாளரை அடையாளம் காண்பதை வங்கிகள் தமக்குரிய சட்ட இடராகவே கருத வேண்டும் என்று 2001 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் கூறியது. தனியார் வங்கி ஒன்றின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த வெளிநாடுவாழ் இந்தியர், வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலுக்கு விவரங்களைத் தந்து ரூ.6.46 லட்சம் இழந்த வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் தீர்ப்பளிக்கும் அலுவலர் 2010 ஏப்ரலில் ரூ.12.85 லட்சம் வழங்க ஆணையிட்டார். விவரங்களைத் தந்தவர் வாடிக்கையாளரேயாயினும் வங்கியின் பாதுகாப்புக் குறைபாடு தனியே எடைபோடப்பட்டது என்பதில்தான் அத்தீர்ப்பின் பயன் இருக்கிறது.

வங்கிச் செயலியும் ஓடிபியும் ஒரே கைப்பேசியில் வந்து சேர்வதால், இரண்டு பூட்டுகளுக்கும் சாவி ஒரே பையில் கிடக்கும் நிலை உருவாகிறது. இந்த வசதியை வடிவமைத்தது வாடிக்கையாளர் அல்லர். கடவுச்சொல், ஓடிபி போன்ற அங்கீகாரக் காரணிகளுள் ஒன்று களவுபோனாலும் மற்றதன் நம்பகம் கெடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் விதித்தது. அவ்விதி நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1 என்பதால் இவ்வழக்கை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் வழக்கத்துக்கு மாறான பரிவர்த்தனைகளைக் கண்டறியும் ஏற்பாடு வேண்டுமென 2021 பிப்ரவரியிலேயே வணிக வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. இரவில் சேர்க்கப்பட்ட பயனாளிக்கு நிமிடங்களில் பெருந்தொகை சென்றபோது அந்த ஏற்பாடு என்ன செய்தது என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

வங்கி எழுத்தில் மறுத்தாலோ, 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, உரிய கால வரம்புக்குள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தை முதலில் அணுகினால் இவ்வழி அடைபடும் என்பதால் வரிசை முக்கியம். ஆணையத்துக்கான கால வரம்பு இரண்டு ஆண்டுகள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே குறைதீர்ப்பாளரின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் இன்னும் புகார் பதிவாகாவிட்டால் உடனே பதியலாம். அச்சத்தால் பலர் முதலில் செய்வது கைப்பேசியை முற்றாக அழித்துப் புதிதாக்குவது; ஓடிபி எவ்வாறு களவுபோனது என்பதற்கான சான்று அதற்குள்ளேதான் இருப்பதால், சிம் அட்டையை வேறு கருவிக்கு மாற்றிவிட்டு, அந்தக் கைப்பேசியை அணைத்து அப்படியே பாதுகாத்து வைப்பதே முறை.