வியாழக்கிழமைக்கு முன்னால்

கண்ணு,

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதாக நீ போனில் சொன்னபோது நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். பெரியம்மா பயந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். எனக்கு அப்போது 1994-ஆம் வருஷத்து ஒருத்தி நினைவுக்கு வந்தாள். உன்னைவிட மூன்று வயது சின்னவள், முப்பத்தொன்பது. தபாலாபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து, மணியார்டர் பாரத்தில் பின்கோடு விட்டுப்போயிருந்தால்கூடத் திருப்பி நீட்டுகிறவள். தன் உடம்புக்கான பாரத்தில் மட்டும் ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அது நான்தான்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள், உறவுக்காரப் பெண்கள் என்று பலருக்குத் துணையாக ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. பெஞ்சில் படித்ததைத்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை உள்ளே போவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

1. கேள்விகளை அப்புறம் எழுதலாம், முதலில் உன் கஷ்டத்தை எழுது. பழைய டைரி ஒன்று போதும். எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், இரவில் எத்தனை முறை எழுந்து மாற்றுகிறாய், கட்டிகட்டியாகப் போனால் எவ்வளவு பெரிது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சிறுநீர் அடிக்கடி முட்டுகிறதா. அன்று எனக்கு எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது பதில் சொன்னது உன் பெரியப்பா. "வயித்துவலிங்க டாக்டர்" என்றார். நான் சேர்த்துக்கொண்டது "கொஞ்சம் அதிகமாப் போகுதுங்க" என்பது மட்டும். அந்தக் "கொஞ்சம்" நாம் எல்லோரும் சொல்கிற பொய். அப்போது என் ஹீமோகுளோபின் ஏழு. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்கவேண்டும். உன் ரத்த அளவு என்ன என்று கேள்; குறைவாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன் அதை எப்படி ஏற்றுவார்கள் என்றும் கேள். அவசரம் இல்லாத ஆபரேஷன் ரத்தம் ஏறும்வரை காத்திருக்கும்.

2. உன் நோய்க்குப் பெயர் கேள். "கர்ப்பப்பையில் கட்டி" என்பது பெயர் ஆகாது. ஃபைப்ராய்டா, கர்ப்பப்பைச் சுவரே தடித்துப்போகிற அடினோமயோசிஸா, உள்சவ்வு தடித்திருக்கிறதா, அடி இறங்கியிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் போகிற வழி வேறு. கட்டி என்றால் எத்தனை, எவ்வளவு பெரிது, எந்த இடத்தில்? படம் போட்டுக் காட்டச் சொல். எங்கள் தெருவில் ஒருத்திக்கு ஒரு டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேரிக்காய் மாதிரி வரைந்து, உள்ளே மூன்று புள்ளி வைத்துக் காட்டினார். அந்தச் சீட்டை அவள் இன்றைக்கும் ஸ்கேன் ஃபைலில் வைத்திருக்கிறாள்.

"விட்டால் கேன்சராகிவிடும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நில். சாதாரண ஃபைப்ராய்டு கட்டி புற்றாவது மிக மிக அபூர்வம். எந்தப் பரிசோதனையில் அப்படித் தெரிந்தது, பாப் ஸ்மியரிலா, பயாப்ஸியிலா என்று கேள். எதுவும் எடுக்கவில்லை என்றால், எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாமா என்று கேள். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை இழந்த செய்தி 2019-இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று போனவர்களையே புற்றுநோய்ப் பயம் காட்டி மேஜைக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் எல்லாம் மூன்று மாதத்துக்குள் ஏற்கவேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிடவேண்டி வந்தது. பயத்தைத் தேதி குறிக்க விடாதே.

3. "எடுக்காமல் என்ன செய்யலாம், எடுக்காவிட்டால் என்ன ஆகும்" என்ற இரண்டையும் சேர்த்துக் கேள். ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை உண்டு. ஹார்மோன் வைத்த சின்னக் காயிலைக் கர்ப்பப்பைக்குள் பொருத்தினால் சில வருஷம் தாங்கும். கட்டியை மட்டும் எடுக்கலாம். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கலாம். அடி இறக்கத்துக்கு வளையம் வைக்கலாம். மாதவிலக்கு நிற்கிற வயது பக்கத்தில் இருந்தால் பொறுத்திருக்கலாம். நின்ற பிறகு ஃபைப்ராய்டு பெரும்பாலும் தானாகச் சுருங்கும். இவை எல்லாருக்கும் ஒத்துவராது. உனக்கு எது ஒத்துவராது, ஏன் என்று டாக்டர் வாயால் சொல்லட்டும்.

4. இதை எழுதலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டது. பயாப்ஸியில் உள்சவ்வின் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். நான்தான் தடுத்தேன். "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க, வெட்டறதுதான் அவங்களுக்குத் தெரியும்" என்றேன். அவளும் அக்கா சொல்கிறாளே என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டாள். கடைசியில் எடுத்தபோது உள்ளே சின்னதாகப் புற்று தொடங்கியிருந்தது. ஆரம்பம் என்பதால் பிழைத்தாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். என் தழும்பை வைத்துக்கொண்டு அவள் வயிற்றுக்குத் தீர்ப்புச் சொன்னேன் கண்ணு. உனக்கு யார் கதை சொன்னாலும், நானே சொன்னாலும், அது அவர்கள் வயிற்றின் கதை.

இதில் உனக்கான வேலை ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்று வந்தது என்பதை நீயாக டாக்டரிடம் சொல்லவேண்டும். குடும்பத்தில் மார்பு, ஓவரி, குடல் புற்று யாருக்காவது இருந்ததா என்பதையும் அத்தைகளிடம் விசாரித்து வைத்துக்கொள். உனக்கு உள்சவ்வுப் பயாப்ஸி எடுத்தார்களா என்று கட்டாயம் கேள். மற்ற கேள்வி எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

5. எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேள். கர்ப்பப்பை, அதன் வாய், இரண்டு பக்கத்துக் குழாய்கள், இரண்டு ஓவரிகள். என் ஆபரேஷன் முடிந்த அந்த மார்கழியில், தெருவே போர்வைக்குள் இருக்கும்போது நான் மட்டும் ஃபேனை முழுசாக வைத்துக்கொண்டு வியர்த்துக் கிடந்தேன். திடீர் திடீரென்று முகம் எரியும். கவுன்ட்டரில் காரணமில்லாமல் அழுகை வரும், சில்லறை எண்ணத் தப்பும். உடம்புச் சூடு என்று ஒருத்தி வெந்தயம் கொடுத்தாள், கண்ணேறு என்று இன்னொருத்தி சுற்றிப்போட்டாள். ஐம்பத்தாறு வயதில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட டாக்டர் எலும்பு இவ்வளவு இளைத்திருக்கிறதே என்று பழைய ஃபைலைக் கேட்டார். மஞ்சளடித்துப்போன டிஸ்சார்ஜ் சீட்டில் "டி.ஏ.ஹெச். வித் பி.எஸ்.ஓ." என்று இருந்தது. "உங்களுக்கு ரெண்டு ஓவரியையும் சேர்த்து எடுத்திருக்காங்களேம்மா, தெரியாதா?" என்றார். தந்திச் சுருக்கெழுத்தெல்லாம் படித்தவள் நான். அந்த மூன்று எழுத்து பதினேழு வருஷம் என் பீரோவிலேயே இருந்திருக்கிறது.

மாதவிலக்கு நிற்காத வயதில் இரண்டு ஓவரியையும் எடுத்தால் அன்றைக்கே உடம்புக்கு மாதவிலக்கு நின்றுபோகும். எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கும். எடுக்கவேண்டிய காரணங்களும் உண்டு, அதனால் கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணம் என்ன, எடுத்தால் பிறகு ஹார்மோன் மாத்திரை தருவீர்களா, எனக்கு அது ஆகுமா என்று கேள். விட்டாலும் மாதவிலக்கு நிற்பதன் தொல்லைகள் சிலருக்குக் கொஞ்சம் முன்கூட்டியே வரும். குழாய்களை மட்டும் எடுத்துவிடுவது ஓவரிப் புற்றின் வாய்ப்பைக் குறைக்கும் என்று இப்போது பல டாக்டர்கள் சொல்கிறார்கள், அதையும் கேள். கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தால் பாப் ஸ்மியர் தொடர்ந்து எடுக்கவேண்டியிருக்கும்.

6. கையெழுத்துப் போடுகிற பாரத்தை முந்தின நாளே கேட்டு வாங்கி வீட்டில் படி. தியேட்டர் வாசலில் பச்சை அங்கியோடு நிற்கும்போது நீட்டினால் யாருக்கும் எழுத்து தெரியாது. டெல்லியில் ஒரு பெண் உள்ளே கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்தாள். அவள் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த அம்மாவிடம் கேட்டு கர்ப்பப்பையையும் ஓவரிகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு அவசரம் இல்லாதபோது அது செல்லாது, வயதுவந்த பெண்ணுக்காக அவள் அம்மாகூடச் சம்மதிக்க முடியாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "உள்ளே திறந்த பிறகு வேறு ஏதாவது தெரிந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டு, எதற்குச் சரி, எதற்கு எழுப்பிக் கேட்கவேண்டும் என்பதை அந்தப் பாரத்திலேயே எழுதச் சொல்.

7. கூச்சத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போ. தும்மினால் சிறுநீர் கசிகிறதா, சொல். தாம்பத்தியம் எப்போது என்பதையும் கேள். உள்ளே போட்ட தையல் ஆற ஆறு வாரமாவது ஆகும், சிலருக்குக் கூடும். உன் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்து டாக்டர் வாயால் கேட்கட்டும்.

8. கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. ஓவரி விஷயம் தெரிந்த பிறகு கொஞ்ச காலம் நான் டாக்டர்கள் எல்லோர்மேலும் கோபமாக இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போயிருந்தபோது பத்திரிகைத் துண்டை மேஜையில் போட்டு, "இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். அந்த டாக்டர் ஃபைலை மூடிவிட்டார். நஷ்டம் எனக்கில்லை, நோயாளிக்கு. இன்னொரு நாள் அரசு ஆஸ்பத்திரியில், வாசல் வரை வரிசை. "எனக்குப் புரியவில்லைங்க டாக்டர், இன்னொரு தடவை சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டேன். ஓ.பி. முடிந்து ஒரு மணிக்கு வரச் சொன்னார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் இருபது நிமிஷம் பேசினார். உனக்கு மூன்று நிமிஷம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள். முக்கியமான மூன்றை மேலே எழுது. வயிற்றைத் திறந்தா, துளை போட்டா, கீழ்வழியாகவா; இந்த முறையில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்; மூத்திரப்பைக்கும் சிறுநீர்க் குழாய்க்கும் அடிபட வாய்ப்பு எவ்வளவு; இவையெல்லாம் அடுத்த வரிசை. நல்ல டாக்டர் இதற்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் ஃபைலை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. நாட்டு மருந்து, ஆஸ்பிரின் எது சாப்பிட்டாலும் மறைக்காதே.

9. வீட்டுக்கு வந்த பிறகு உள்ள ஆறு வாரத்தைப் பற்றி ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேள். எதைத் தூக்கலாம், எப்போது மாடி ஏறலாம், எப்போது வண்டி ஓட்டலாம், எப்படி ரத்தம் போனால், எவ்வளவு காய்ச்சல் வந்தால் ஓடிவரவேண்டும், கால் வீங்கினால் யாரைக் கூப்பிடவேண்டும். பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வந்துவிட்டது என்று நான் வாளியைத் தூக்கினேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை. நாலு குடம் நிரம்பாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத்தான் தெரியவில்லை. தையல் பிரிந்து மறுபடி ஒரு வாரம் படுத்தேன். குடம் காலியாகக் கிடக்கட்டும் என்று இருக்கப் பழகு. அது கேள்வி கேட்பதைவிடக் கஷ்டம்.

10. எடுத்த கர்ப்பப்பை பயாப்ஸிக்குப் போகும். அந்த ரிப்போர்ட் எப்போது வரும், யார் விளக்குவார்கள் என்று கேட்டு, ஒரு நகலைப் பத்திரமாக வை. எதை எடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள சுருக்கெழுத்தை விரித்துத் தமிழில் எழுதித் தரச் சொல், என்னைப் போல் பீரோவில் பூட்டாதே. மெட்டி, வளையல், தாலிக்கொடி எல்லாம் தியேட்டருக்கு முன் கழற்றச் சொல்வார்கள். கடைசி நேரத்தில் சிஸ்டரிடம் அழாமல் இருக்க, மாமியாரிடம் இப்போதே பேசி மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்.

வியாழக்கிழமை பத்தரைக்கு டோக்கன் என்றாய். நான் ஏழரை பஸ்ஸைப் பிடித்து ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடுவேன். உள்ளே நீயும் மாப்பிள்ளையும் போங்கள், நான் பெஞ்சில் இருக்கிறேன். டைரியையும் இரண்டு பேனாவையும் எடுத்து வா. ஒன்று எப்படியும் எழுதாது.