பஜனைக்குக் கீபோர்டு: ஒன்று, நான்கு, ஐந்து

பஜனையில் கீபோர்டு வாசிக்கிறவங்க பலர் 'சி, எஃப், ஜி' என்று கார்டு பெயரை மனப்பாடம் செய்து வைத்திருப்பாங்க. பாடுகிற அக்கா சுருதியைக் கூட்டி 'டி'யில் ஆரம்பித்துவிட்டால், அதே பாட்டுக்கு டி, ஜி, ஏ வேண்டும். அதனால் பெயரை விட்டுட்டு இடத்தை எண்ணிப் பழகுங்க. ஒன்று, நான்கு, ஐந்து என்பது எந்தச் சுருதியிலும் மாறாது. நம்ம ச, ம, ப அதுதானே!

சங்கராபரணத்தை எடுத்துக்குவோம், மேஜர் ஸ்கேலின் அதே சுரங்கள். ச-க-ப, பாட்டு வந்து உட்காரும் இடம். ம-த-ச அங்கிருந்து கிளப்பும். ப-நி-ரி திரும்ப வரச் சொல்லும். ஏன்னா, அதிலுள்ள நி, மேல் ச-வுக்கு அரைச்சுரம் கீழே நின்று ஏங்குது. கரகரப்பிரியாவில் அந்த நி அரைச்சுரம் இறங்கிவிடும். ஐந்தாம் கார்டு மைனர் ஆகும், ஏக்கமும் குறையும்.

மோகனத்தில்தான் சிக்கல். அதில் ம-வும் இல்லை, நி-யும் இல்லை. நான்கும் ஐந்தும் வாசித்தால் ராகத்தில் இல்லாத சுரம் உள்ளே வந்துடும். சினிமாப் பாட்டில் இது சகஜம், கேட்க நல்லாவும் இருக்கும். ஆனா ஒருத்தர் மோகனத்தை நிதானமா ஆலாபனை பண்ணும்போது எனக்கு அது உறுத்தும். ராகத்துக்குள்ளேயே முழுசா கிடைக்கிற மேஜர், மைனர் கார்டு இரண்டுதான்: ச-க-ப, த-ச-க. முதலில் இந்த இரண்டோடு வாசித்துப் பாருங்க. சரிவரலைன்னா ச-ப மட்டும் பிடிச்சுக்கிட்டு இருங்க. தம்பூரா அதைத்தான் செய்யுது.