ஆறாவது தக்காளி

கேள்வி: இங்கிலாந்து கிராமக் கண்காட்சிகளில் காய்கறி, கேக், பின்னல் வேலைக்கெல்லாம் பரிசு உண்டாமே! காய் பெரிதாக இருந்தால்தான் ஜெயிக்குமா?

பதில்: இல்லை. எடைக்குத் தனிப் பிரிவு இருக்கும். மற்றவற்றில் ஒரே அளவு, ஒரே நிறம், பழுதில்லாத தோல் இவைதான் முக்கியம். வெங்காயத்தின் கழுத்தை மடக்கி ராஃபியா நாரால் கட்டி வைப்பார்கள். பீன்ஸை நடுவர் ஒடித்தே பார்ப்பார். விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக் என்றால் நடுவில் ராஸ்பெர்ரி ஜாம், மேலே நைஸ் சர்க்கரை, க்ரீம் கூடாது. ஆறவைத்த கம்பித் தட்டின் தடம் தெரிந்தாலும் மதிப்பெண் போய்விடும். போட்டி விதிகள் உள்ள அட்டவணை ஐந்து தக்காளி கேட்ட இடத்தில் ஆறு வைத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் 'அட்டவணைப்படி இல்லை' என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவருக்கும் அதனால்தான் பரிசு எட்டுகிறது. கலந்துகொள்வதானால் முதலில் அட்டவணையை வரிவிடாமல் படியுங்கள்.