குடிக்கூலி மனையும் கூட்டுப் பொறுப்பும்

திருவள்ளுவனார் நிலையாமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் 'புக்கில்', 'துச்சில்' என்னும் இரு சொற்களை எதிரெதிர் நிறுத்துகின்றார். புக்கில் என்பது புகுந்தோர் நீங்காதுறையும் இல்லம். துச்சில் என்பது சிலகாலம் ஒதுங்கியிருக்கும் இடம். ஆண்டு ஆசிரியர் கருதியது உயிரும் உடம்புமே யாயினும், சொற்பொருள் நோக்குவார்க்கு அவை மனையின் இருவகையாகவே தோன்றும். விடுதியில் இடம் பெறாத மாணாக்கர் சிலர் ஒருங்குகூடி அமர்த்திக்கொள்ளும் வாடகை வீடு துச்சிலேயாம். அதற்கு இறுக்கும் பணத்தை முன்னோர் குடிக்கூலி என்றனர். நாம் வாடகை என்கின்றோம். அத்தகைய மனையில் முதன்முறை புகுவார் அறியவேண்டுவன சிலவற்றை, யானும் என் தோழரும் பட்டறிந்தவாறே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் சென்னையின் புறநகர்த் தெரு ஒன்றில் இரண்டு அறைகளும் ஓர் அடுக்களையும் உள்ள வீட்டை அமர்த்தினோம். திங்கள் வாடகை 12,000 ரூபாய். முன்பணம் 36,000 ரூபாய். ஆள் ஒன்றுக்கு வாடகை 3,000, முன்பணம் 9,000 என்று பகுத்துக்கொண்டோம். மூவர் இரண்டாம் ஆண்டு மாணாக்கர். நான்காமவன் எம்மூரிலிருந்து முதலாண்டிற் சேர்ந்த இளையோன். முத்திரைத்தாளில் எழுதிய பதினொரு திங்கள் ஒப்பந்தத்தை ஒருவரும் முற்றப் படித்திலேம். காட்டிய இடத்தில் நால்வரும் கையெழுத்திட்டு, அன்று மாலையே பாய் தலையணைகளுடன் குடிபுகுந்தோம்.

ஐந்து திங்கள் இன்பமாய்க் கழிந்தன. பின்னர் இளையோனுக்கு விடுதியில் இடம் கிடைத்தது. அவன் தந்தையாரும் அதனையே விரும்பினார். அவன் போன திங்கள் நாங்கள் மூவரும் 9,000 ரூபாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் சென்றோம். அவர் பணத்தை எண்ணிப் பார்த்து, "தம்பிகளே, நான் ஆளுக்கு இத்தனை என்று விடவில்லை, வீட்டை வீடாகத்தான் விட்டேன்" என்றார். மறுவாரம் இளையோன் வந்து, "அண்ணா, என் பங்கு 9,000 ரூபாயை வாங்கிக் கொடுங்கள்" என்றான். வீட்டுக்காரரோ வீடு காலியாகும்போதன்றி முன்பணம் திரும்பாது என்றார். எங்கட்கு இருவர்மீதும் சினம் மூண்டது. வீட்டுக்காரரை இரக்கமற்றவர் என்றோம். இளையோனை நன்றி மறந்தவன் என்றோம். அவன் எங்களைக் காணுந்தோறும் வேறு வழியே செல்லலானான்.

அந்நிலையில், தோழர் ஒருவருடைய தமையனாராகிய வழக்குரைஞர் எங்கள் ஒப்பந்தத்தைப் படித்து விளக்கினார். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினது. பலர் கூடி ஒன்றைச் செய்வதாக வாக்களித்தால், வேறுவகையாக வெளிப்பட எழுதப்படாதவிடத்து, அம்முழுக்கடனையும் அவருள் எவரொருவரிடத்தும் கேட்கலாம் என்பது அதன் 43ஆம் பிரிவு. கொடுத்தவர் மற்றையோரிடமிருந்து அவரவர் பங்கைப் பெறலாம் என்றும் அப்பிரிவே கூறும். எனவே வீட்டுக்காரர்முன் நால்வரும் ஒருவரே. நால்வர் என்பது எங்களுக்குள் வகுத்த கணக்கேயாம். அவர் கேட்டது அவருக்கு உரியதே.

"அங்ஙனமாயின் இளையோன் தன் பங்கைத் தரவேண்டுமன்றோ?" என்றோம். அவர் அவனது அகவையை வினவினார். கையெழுத்திட்ட நாளில் அவனுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை. அகவை நிரம்பாதார் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு. அது நம் நாட்டில் இன்றும் நின்று நிலவுகின்றது. ஆகவே அவன் கையெழுத்து அவனைப் பிணிக்கவில்லை. நாங்கள் நன்றி மறந்தவன் என்று வைத மாணாக்கன் சட்டத்தின் கண்ணில் ஒரு குழந்தை. தந்தையாரைக் கேளாது அவனை அழைத்துச்சென்று கையெழுத்திடச் செய்தவர்கள் நாங்களே. அன்று மூவரும் தலைகுனிந்து வீடு திரும்பினோம்.

இரண்டு திங்கள் ஆளுக்கு 1,000 ரூபாய் மிகுதியாக இறுத்தோம். பின்னர் வீட்டுக்காரரின் எழுத்துமூலமான இசைவு பெற்று வேறொரு மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டோம். அவர் தந்த 9,000 ரூபாயை அன்றே விடுதிக்குக் கொண்டுசென்று இளையோன் கையிற் கொடுத்தோம். அவன் எண்ணிப் பாராமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

இனி, இதனால் யாம் கற்ற பாடத்தைத் தொகுத்துரைப்பாம்.

முதலாவது, ஒப்பந்தத்தைப் படித்தல். நீண்டகாலக் குத்தகைகளைப் பதிவு செய்யவேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விதித்தமையின், ஓராண்டிற்குட்பட்டுப் பதினொரு திங்களுக்கு எழுதும் வழக்கம் வேரூன்றியது. ஆயினும் வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர் ஆகிய இருதிறத்தாரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பெற்று, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு பெறுதலும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று திங்கள் வாடகைக்கு மேற்படலாகாது. சென்னையிற் பத்துத் திங்கள் வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கத்தை அறிந்தார்க்கு இவ்விதியின் அருமை விளங்கும். ஆனால் 'வேறு உடன்பாடு இல்லாதவிடத்து' என்னும் தொடரை மறத்தலாகாது. படியாமல் இடும் கையெழுத்தே அவ்வுடன்பாடு ஆகிவிடும். குடியிருப்போர் இசைவின்றி உள்வாடகைக்கு விடலாகாது. உரிமையாளரும் பூசலை முன்னிட்டுத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தலாகாது.

இரண்டாவது, அகவை. பதினெட்டு நிரம்பாதார் உடனிருப்பின் அவருடைய தந்தையாரோ தாயாரோ ஒப்பந்தத்தில் ஒருவராக நிற்றல் நன்று. அவர்தம் பெற்றோர் அறியாது ஒன்றும் செய்யற்க.

மூன்றாவது, உள்ளேட்டுக் கணக்கு. வீட்டுக்காரரோடு எழுதும் தாள் ஒன்று. தோழர் தமக்குள் எழுதிக்கொள்ளும் தாள் மற்றொன்று. பின்னதே பெரிதும் வேண்டற்பாலது. ஒருவர் இடையே நீங்கின் எத்தனை நாள் முன்னர்ச் சொல்லவேண்டும், அடுத்தவர் வரும்வரை அவர் பங்கை யார் இறுப்பது, முன்பணம் அவருக்கு எப்பொழுது திரும்பும் என்னும் மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். எங்கட்கு அத்தாள் இருந்திருப்பின் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும் செய்தி, இரண்டு திங்கள் மனக்கசப்பாய் வளர்ந்தது. மின்கட்டணம், எரிவாயு உருளை, தண்ணீர்க் கேன் முதலியவற்றிற்கும் ஒரு குறிப்பேடு போதும். அடுக்களையில் பாத்திரம் துலக்கும் முறையையும் அதன் பின்னட்டையில் எழுதிவைத்தோம். நகைப்பிற்கிடமான இவ்வேற்பாடே நாள்தோறும் எழும் பூசலைத் தவிர்த்தது.

நான்காவது, புகும் நாளிலேயே நீங்கும் நாளை எண்ணுதல். சுவரிற் கறை, உடைந்த தாழ்ப்பாள், ஒழுகும் குழாய் ஆகியவற்றை அன்றே கைப்பேசியிற் படமெடுத்து உரிமையாளர்க்கும் அனுப்புக. மின்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்க. வாடகைக்குச் சீட்டுப் பெறுக. வீடு காலிசெய்த ஒரு திங்களுக்குள், உரிய கழிவு போக, முன்பணம் திருப்பித் தரப்படவேண்டும் என்பது மேற்கூறிய சட்டத்தின் விதி. எது உரிய கழிவு என்று காட்டுவதற்கு அப்படங்களே சான்று.

நண்பரிடையே எழுத்து எதற்கு, அது ஐயப்பாட்டின் அறிகுறியன்றோ எனச் சிலர் வினவலாம். யாமும் அங்ஙனமே எண்ணினோம். ஐயத்தால் எழுதுவது வேறு. நட்பைப் பணத்தின் இடையூறினின்று காக்க எழுதுவது வேறு. துச்சில் சின்னாளில் நீங்கிப்போவது. அதில் உடனுறைந்த தோழமையோ நெடுநாள் நிற்கவேண்டுவது.

அவ்விளையோன் இப்பொழுது இரண்டாம் ஆண்டு மாணாக்கன். சென்ற வாரம் அவன் எங்கள் மனைக்கு வந்து, தன் வகுப்பினர் மூவரோடு வீடொன்று பார்த்திருப்பதாகக் கூறி, எங்கள் உள்ளேட்டுத் தாளைப் படியெடுத்துக்கொண்டு சென்றான். போகும்போது, "அண்ணா, இம்முறை எனக்கு அகவை நிரம்பிவிட்டது" என்றான்.