கால் உளைச்சலுக்கு மின்சார வைத்தியமா?

"ராவிலே படுத்தா காலுக்குள்ளே என்னமோ ஊருது, ஆட்டாம இருக்க முடியல்ல. எழும்பி நடந்தா சுகம், படுத்தா திரும்ப அதே பாடு." லயத்தில் இப்படிச் சொல்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். மலையேறிக் கொழுந்தெடுத்த அலுப்பு என்று விட்டுவிடுகிறோம். அலுப்பென்றால் படுத்ததும் குறையும். இது படுத்த பிறகுதான் தொடங்கும். சுவீடன் நாட்டு டொக்டர் எக்பொம் 1945இல் இதை விரிவாக எழுதி, 'அமைதியற்ற கால்கள்' என்று பெயர் வைத்தார்.

உளைவது கால், ஆனால் கோளாறு மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். மூளையில் இரும்புச்சத்து குறைவது ஒரு காரணம். அதனால் அந்த இடங்களையே தூண்டிப் பார்க்கிறார்கள். தலைக்கு மேல் ஒரு காந்தச் சுருளைப் பிடித்தால், வெட்டுக்காயம் இல்லாமலே மூளைக்குள் சிறு மின்னோட்டம் உண்டாகும். ஜெர்மனியில் முதுகுத் தோலின் மேல் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வந்த அந்த ஆய்வில் தொல்லை குறைந்தது, ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

இங்கே ஒரு விசயம் கவனிக்க வேணும். இப்படியான ஆய்வுகளில் சிலருக்கு மெய்யான தூண்டல், சிலருக்குப் பொய்த் தூண்டல். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஏன்? மிசினை வைத்தாலே "சுகமாயிருக்கு" என்று சொல்பவர் பலர்! அந்த நம்பிக்கையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வைத்தியத்தின் பலன். மூளை, முதுகு ஆய்வுகள் பெரும்பாலும் சில பத்துப் பேரோடு நடந்தவை. ஆகவே இவை இன்னும் ஆராய்ச்சிதான். முழங்காலுக்குக் கீழே நரம்பைத் தூண்டும் பட்டி ஒன்றுக்கு மட்டும் 2023இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. கால் தசை வேலை செய்வதால், நடந்த சுகம் படுக்கையிலேயே கிடைக்கிறதாம். அதற்காக, சந்தையில் 'கரண்ட் பெல்ட்' விற்பவனிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அது வேறு சாமான்.

நமக்குக் கைக்கெட்டியது இரும்புதான். வயிற்றிலே பிள்ளை உள்ளவர்கள், மாதப்போக்கு அதிகமுள்ளவர்கள் டொக்டரிடம் கால் கதையையும் சொல்லி, 'பெரிட்டின்' இரத்தப் பரிசோதனை வேணுமா என்று கேளுங்கள். இரத்தம் காணும் என்று சொன்னாலும் இரும்பின் சேமிப்பு குறைந்திருக்கலாம். தடிமலுக்கு எடுக்கும் நித்திரைக் குளிசை சிலருக்கு இந்த உளைச்சலைக் கூட்டும், அதையும் சொல்லுங்கள். இரும்புக் குளிசை தந்தால் பிளேன்டீயோடு விழுங்க வேண்டாம். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.